சாணி வண்டும் தாலிக்கொடியும்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லோயர் என்பார்கள், வக்கீல் என்று அர்த்தம். காலையில் எந்தச் சட்டை போடுவது என்பதில் தொடங்கி எல்லாவற்றுக்கும் காரணம் கேட்பேன். காரணத்தைச் சொன்னால் அது ஏன் செல்லாது என்றும் விளக்குவேன். அப்பா இதை மெச்சிச் சிரிப்பார். அம்மாவுக்கு அடுப்பில் கறி கொதிக்கும்போது மட்டும்தான் கோபம் வரும். மார்க்கம் நகரில் இருந்த பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "உந்த வாய்க்கு ஆர் மாப்பிள்ளை எடுக்கிறது?" என்று முன்கூட்டியே கவலைப்பட்டு வைப்பார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு எகிப்து பாடம் வந்தது. நாங்கள் இருந்த மோர்னிங்சைட் பகுதியிலிருந்து மஞ்சள் பஸ்ஸில் ஏற்றி நகரத்து மியூசியத்துக்குக் கூட்டிப் போனார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் மம்மியின் பெட்டியைச் சுற்றி நின்று ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்திலிருந்த கண்ணாடிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டேன். அதற்குள் விரல்நுனி அளவில் சின்னச் சின்னச் சாமான்கள், பெரும்பாலும் நீல நிறம். புருவத்தோடு ஒரு கண். ஒரு தூண். சாணி உருட்டும் வண்டு ஒன்று. எல்லாம் காவலுக்குக் கழுத்தில் கட்டுவது என்று எங்களைக் கூட்டிச் சென்ற பெண் சொன்னார். தூண் முதுகெலும்புக்கு. வண்டு நெஞ்சுக்கு. சின்னப் பெண்பிள்ளைகள் ஆற்றில் மூழ்கிப் போகாமல் இருக்கப் பின்னலின் நுனியில் ஒரு மீனைத் தொங்கவிடுவார்களாம்.

மம்மிப் பெட்டியின் மூடியில் ஒரு பெண்ணின் உருவம் கீறியிருந்தது. தோளிலிருந்து மார்பு வரை வரிவரியாக மணிமாலை. அதுவும் வெறும் வர்ணம்தான். பொன்னும் மணியும் வாங்க வசதியில்லாதவர்கள் படமாகக் கீறிக்கொள்வார்கள், கீறினாலும் அது காக்கும் என்று அந்தக் காலத்து ஆட்கள் நம்பினார்கள் என்றார் எங்களைக் கூட்டிச் சென்றவர். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. எங்களைப்போல மாதக் கடைசியில் கையைப் பிசையும் குடும்பங்களையும் எகிப்துக்காரர் யோசித்திருக்கிறார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் நீச்சல் வகுப்புக்குப் பின்னலில் கட்ட ஒரு மீன் வேண்டும் என்றேன்.

"மீன் வேணுமெண்டா சட்டிக்குள்ளை கிடக்கு, போய்ச் சாப்பிடு" என்றார் அம்மா.

அடுத்த நாள் வகுப்பில் ஆசிரியை, இப்படிக் காவலுக்கு அணியும் பொருள்கள் உங்கள் வீடுகளிலும் உண்டா என்று கேட்டார். என் கை கூரையை முட்டியது. நான் குழந்தையாக இருந்தபோது சங்கும் சக்கரமும் வாளும் வில்லும் கதையும் பொறித்த பஞ்சாயுதம் கழுத்தில் போட்டிருந்ததைச் சொன்னேன். எங்கள் வீட்டு அல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. தலையில் மயிர் இல்லை, பல் இல்லை, ஆனால் ஐந்து ஆயுதம் இருக்கிறது. ஆசிரியை ஆச்சரியப்பட்டார். அந்த உற்சாகத்தில் அம்மாவின் தாலிக்கொடிக் கதையையும் அவிழ்த்துவிட்டேன். தடித்த பொன் சங்கிலி, நடுவில் தாலி, அது என் அப்பாவைக் காப்பாற்றுவதற்கு என்றேன்.

எனக்கு முன்னால் இருந்த பையன் திரும்பிப் பார்த்தான். "அப்ப ஏன் உன் அம்மா போட்டிருக்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

லோயரையே மடக்கிய முதல் கேள்வி அதுதான். அவன் கேட்டது நியாயம். வண்டு யாருடைய நெஞ்சைக் காக்கிறதோ அவருடைய நெஞ்சில்தான் வண்டு இருக்கிறது. மீன் எந்தப் பிள்ளையைக் காக்கிறதோ அந்தப் பிள்ளையின் பின்னலில்தான் மீன். அப்பாவுக்கான காவல் அப்பாவின் கழுத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து வழக்கை அம்மாவிடம் வைத்தேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நான் போட்டா அப்பாவுக்கு நல்லது. அவ்வளவுதான்."

"அது எப்பிடி அம்மா இங்கையிருந்து அங்கை போகும்? வைஃபையா?"

"ஓம் ஓம், வைஃபை" என்றார் சோபாவில் இருந்த அப்பா. "ஆனா எனக்கு சிக்னல் கொஞ்சம் வீக்."

சிக்னல் வீக் என்பதை நான் பகிடியாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அப்பாவின் பித்தப்பையில் கல் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவார். ஒப்பரேசனுக்கு நாளும் குறித்தாயிற்று. அப்பா பகல் முழுக்கச் சரக்குக் களஞ்சியத்தில் பாரம் தூக்குகிறவர், ஆனால் ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வார். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் போன் எடுத்தபோது, ஆங்கிலம் விளங்காமல் போனால் நான் சொல்லட்டும் என்று அப்பா ஸ்பீக்கரில் போட்டார். நித்திரையாக்கி, பிறகு எழுப்புவோம் என்றது குரல். எழும்பாமல் போவது உண்டா என்று நான் குறுக்கே கேட்டேன். மிக மிக அரிது என்றது குரல். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எனக்கு அரிது என்ற சொல்லுக்குப் பொருள் தெரியும். அரிது என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

ஆகவே எகிப்து முறைப்படி நடவடிக்கை எடுத்தேன். கோதுமை மாவையும் உப்பையும் குழைத்துக் கண் செய்தேன், தூண் செய்தேன், வண்டு செய்தேன். பித்தப்பைக்கு எகிப்தில் தனியாக ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. இணையத்தில் படம் பார்த்து நானே ஒன்று பிடித்தேன். அது சின்னக் கத்தரிக்காய் மாதிரி வந்தது. எல்லாவற்றையும் கேக் சுடும் அடுப்பில் காயவைத்து, நீல வர்ணம் அடித்து, நூலில் கோத்து அப்பாவின் கழுத்தில் போட்டுவிட்டேன். ஒரேயொரு நிபந்தனை விதித்தேன். எந்த நேரத்திலும் கழற்றக் கூடாது.

"குளிக்கேக்கையுமோ?"

"அம்மா குளிக்கேக்கை கழட்டுறவவே?"

அப்பா மாலையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். அம்மா தாலிக்கொடியை ஒருபோதும் கழற்றியதில்லை என்பது எங்கள் வீட்டில் பெரிய விவகாரம். பெரியம்மா தன்னுடையதை வங்கி லொக்கரில் வைத்திருந்தார். கலியாண வீடு வந்தால் வெளியே வரும், திங்கட்கிழமை திரும்பவும் உள்ளே போய்விடும். மற்ற நாட்களில் அவர் கழுத்தில் ஒரு மெல்லிய செயின்தான். பிளாசாவில் சங்கிலி அறுக்கிறார்கள், நீயும் கொண்டுபோய் வை என்று அம்மாவைத் தொணதொணப்பார். அம்மா காதில் விழுத்தமாட்டார். படுக்கும்போதும் குளிக்கும்போதும் மா குழைக்கும்போதும் அது கழுத்திலேயே கிடக்கும். பின்பக்கத்துத் திருகு துருப்பிடித்து இறுகிவிட்டது, அதுதான் கழற்ற முடியவில்லை என்று நான் நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் மாலை ஆஸ்பத்திரியில் கொடுத்த சவர்க்காரம் போட்டு முழுக வேண்டும். அப்பா சொன்ன சொல் தவறாதவர். மாலையோடு உள்ளே போனார். வெளியே வந்தபோது கழுத்தில் நூல் மட்டும் இருந்தது. கண், தூண், வண்டு, கத்தரிக்காய் எல்லாம் சுடுதண்ணீரில் கரைந்து களியாகி, தொண்டையிலிருந்து தொப்புள் வரை நீலம் நீலமாக வழிந்துகொண்டிருந்தது.

அம்மா பார்த்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்தார். பிறகு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "ஐயோ, நீலகண்டர் வந்திட்டார்!" என்று சொல்லிச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்பாவும் துவாயைக் கட்டிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி நடராசர் மாதிரி நின்று காட்டினார். அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய சிரிப்பு கேட்டதில்லை. நான் மட்டும் குளறி அழுதேன்.

என் அழுகையை நிறுத்த அம்மா நீலகண்டர் கதையைச் சொன்னார். சிவன் நஞ்சை விழுங்கினார், பார்வதி ஓடிவந்து அவர் கழுத்தை இறுக்கிப் பிடித்தார், நஞ்சு அங்கேயே நின்றுவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கையில் இப்போது மாவும் இல்லை, நேரமும் இல்லை. கீறினாலும் காக்கும் என்பது நினைவுக்கு வந்து நீல மார்க்கரை எடுத்தேன்.

"நாளைக்கு வெட்டப்போற வயித்திலை படம் கீறப்போறியோ? வை அதை" என்று அம்மா பறித்து உயரத்தில் வைத்துவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுமுறை. பெரியம்மாதான் தன் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அப்பாவைத் திரைச்சீலை மறைப்புக்குள் ஒரு கட்டிலில் ஏற்றி, முதுகுப்பக்கம் முடிச்சுப் போடும் அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். தலையில் நீலத் தொப்பி. தாதி ஒருவர் வந்து கேள்விகள் கேட்டார். கட்டுப்பல் உண்டா? மோதிரம்? சங்கிலி? உடம்பில் வேறு ஏதாவது? ஒவ்வொன்றுக்கும் அப்பா இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். என் அப்பாவிடம் ஒன்றுமே இல்லை. ஒரு வண்டுகூட இல்லாமல் இவரை நித்திரையாக்கப் போகிறார்கள்.

தாதி போர்வை எடுக்கப் போனதும் கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் விட்டால்தானே கட்டில் நகரும். "அப்பாக்கு ஒண்டும் போடேல்லை, அப்பாவை விடமாட்டன்" என்று அழத் தொடங்கினேன். பக்கத்துத் திரைக்குள் இருமிக்கொண்டிருந்தவர் இருமுவதை நிறுத்திவிட்டார்.

"லோயர், ஊசி எனக்கடி, உனக்கில்லை" என்றார் அப்பா. அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோனார். திருகு சுழன்றது. அது துருப்பிடித்திருக்கவே இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தாலிக்கொடி அம்மாவின் கையில் இருந்தது.

"எடியேய், உனக்கென்ன விசரே!" பெரியம்மாவின் குரல் கிழிந்தது. "இண்டைக்கோ கழட்டுறாய்? இந்த நேரத்திலையோ?"

"அக்கா, கொஞ்சம் பேசாம இருங்கோ."

"இஞ்சாரும், என்ன செய்யிறீர்?" என்று அப்பா எழும்பப் பார்த்தார். அம்மா அவருடைய தோளை அமர்த்தி, கொடியை அவர் கழுத்தில் போட்டுத் திருகைப் பூட்டி, அங்கிக்குள் தள்ளிவிட்டார்.

"இப்ப சரியோ, லோயர்?"

சரி என்றேன். கம்பியை விட்டேன். அப்பா அங்கிக்கு மேலால் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். தாதி வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனபோது நான் வெற்றியோடு கை காட்டினேன். தலையில் தொப்பி, கழுத்தில் தாலி. என் அப்பாவைப்போலப் பாதுகாப்போடு அந்த ஆஸ்பத்திரிக்குள் அன்று வேறு யாரும் போயிருக்க முடியாது.

காத்திருக்கும் அறையில் நாங்கள் இருந்து கொஞ்ச நேரத்தில் வேறொரு தாதி வெளியே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதன்மேல் அப்பாவின் பெயர் ஒட்டியிருந்தது, உள்ளே தாலிக்கொடி. உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாதாம். யாருடையது என்று கேட்டால் ஒருமுறை என் மனைவியுடையது என்கிறார், ஒருமுறை என்னுடையது என்கிறார், மனைவியின் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார் என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். எதுவரை போட்டிருந்தார் என்று நான் விசாரித்தேன். கடைசிக் கதவு வரை என்றார் தாதி. அரை வெற்றி என்று ஏற்றுக்கொண்டேன்.

"இப்பவே போடு" என்றார் பெரியம்மா. "வெறுங்கழுத்தோடை…"

"அவர் வந்து போடட்டும். கட்டினவர்தானே கட்டவேணும்."

பெரியம்மா அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வழக்கமாக இரண்டு பேரும் சேர்ந்தால் ஒருவரை ஒருவர் பேசவிடமாட்டார்கள். அம்மா ஜாக்கெற்றின் ஸிப்பைத் தாடை வரை இழுத்துப் பூட்டினார். அறையில் சூடு கொதித்தது, நான் சுவெற்றரைக் கழற்றி எறிந்துவிட்டு இருந்தேன். வேர்க்கவில்லையா என்று கேட்டதற்குக் குளிருது என்றார்.

ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து தாலி இறங்குகிற நாள் எது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. ஊர்ப் பெண்கள் அந்த நாளை நினைக்கக்கூடப் பயப்படுவார்கள் என்பதும் தெரியாது. புருசன் கத்திக்குக் கீழே கிடக்கும் நேரத்தில் அம்மா தானாகவே அதைக் கழற்றியிருக்கிறார், மகள் அழுகிறாள் என்பதற்காக. இன்றைக்கு அது எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு நான் டோனற் சாப்பிட்டேன். வண்டு எப்படிச் சாணி உருட்டும் என்று பெரியம்மாவுக்கு நடித்துக் காட்டினேன். சொன்ன நேரம் கடந்து போய்க்கொண்டிருந்தது. சுவரில் இருந்த திரையில் நோயாளிகளின் இலக்கங்கள் நிறம் மாறிக்கொண்டிருந்தன, அப்பாவின் இலக்கம் மட்டும் மாறாமல் நின்றது. அம்மா அதைக் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மடியில் இருந்த பை கசங்கிப்போயிருந்தது.

கடைசியில் எங்களைக் கூப்பிட்டார்கள். அப்பா வாடிய கீரை மாதிரிக் கிடந்தார், ஆனால் கண் திறந்திருந்தது. எங்களைக் கண்டதும் உதட்டை நக்கி, "கல்லைக் காட்டினவங்களோ? பெறுமதியான கல்லோ?" என்று கேட்டார். அம்மா திரைச்சீலையை இழுத்து மூடினார். ஜாக்கெற்றைக் கழற்றினார். பையிலிருந்து கொடியை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தார்.

"பொறுங்கோ, பொறுங்கோ" என்றார் பெரியம்மா. திரைக்கு வெளியே தலையை நீட்டித் தாதியிடம் கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். தாதி குழம்பிப்போய்க் கார் தரிப்பிடத்தைக் கையால் காட்டினார். பெரியம்மா அம்மாவின் தோளைப் பிடித்துக் கார் தரிப்பிடம் பார்க்கத் திருப்பிவிட்டார். அப்பாவின் ஒரு கையில் ஊசியும் பிளாஸ்டரும். மற்றக் கையை ஊன்றி மெல்ல நிமிர்ந்து கொடியை அம்மாவின் கழுத்தில் சுற்றினார். இதயத்துடிப்புப் பார்க்கும் மெசின் திடீரென்று வேகமாகக் கத்தத் தொடங்கியது. கெட்டிமேளத்துக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை.

திருகை மட்டும் அவரால் பூட்ட முடியவில்லை, ஊசி குத்திய கை மடங்க மறுத்தது. "லோயர், நீ பூட்டடி" என்றார்.

நான் கட்டிலில் ஏறி முழங்காலில் நின்று திருகைப் பூட்டினேன். அப்போது அம்மாவின் தோள் குலுங்கியது. கண்ணீர் பொலுபொலுவென்று அப்பாவின் போர்வையில் விழுந்தது. உற்றுப் பார்த்தேன், காரணம் தெரிந்துவிட்டது. பின்கழுத்து முடி இரண்டு திருகுக்குள் சிக்கியிருந்தது.

"நொந்திட்டுதோ அம்மா?"

"ஓம், கொஞ்சம்" என்றார் அம்மா, அழுதுகொண்டே.

"சொறி, சொறி. பொறுங்கோ, ஒருக்காக் கழட்டிப்போட்டுத் திருப்பிப் பூட்டிவிடுறன்."

"கழட்டாதை!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அப்பா கத்திய கத்தலில் வயிற்றுத் தையல் இழுத்து முனகினார், தாதி திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். நான் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றேன். இரண்டு முடிக்காக மூன்று பெரியவர்கள் எதற்கு இப்படிப் பதறுகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.